கடமான் வீட்டுச் சார்ஜ் மேடை

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. கண்டதும் பாய்ந்து கழுத்தைக் கவ்வுகிற பழைய காலத்துப் புலி இல்லை. முறைப்படிதான் தின்னும்.

அந்தக் காட்டில் குடியிருக்கிற ஒவ்வொருவரும் புலி அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு 'உண்ணாவிலக்குச் சான்று' வாங்கியிருக்க வேண்டும். கொம்புள்ளவர்களுக்கு ஒரு படிவம், கொம்பில்லாதவர்களுக்கு ஒரு படிவம், கொம்பு விழுந்து மறுபடி முளைக்கிறவர்களுக்கு இரண்டும். சான்று தாளில் வராது, போனில்தான் வரும். அதிலுள்ள க்யூஆர் கட்டக்குறி தினமும் காலையில் மாறிவிடும் என்பதால் அச்சடித்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதும் செல்லாது. வழியில் புலி எதிர்ப்பட்டால் போனை நீட்ட வேண்டும். புலி தன்னுடைய போனால் ஸ்கேன் செய்யும். பச்சை விழுந்தால், "போய்ட்டு வாங்க" என்று ஒதுங்கி வழிவிடும். சிவப்பு விழுந்தால் தின்றுவிடும். நீட்டிய போன் சார்ஜ் இல்லாமல் இருட்டாக இருந்தால் சான்றே இல்லாதவர் என்று கொள்ளப்படும்.

புலிக்கும் கட்டுப்பாடு உண்டு. பச்சையோ சிவப்போ, தன் போனில் பதியாமல் அது யார்மேலும் வாய் வைக்கக் கூடாது. பசி எப்படி எடுத்தாலும் அந்த விதியை அது மீறியதில்லை. "சட்டத்தை மதிக்கலைன்னா நமக்கும் மிருகங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கூட்டங்களில் பேசும். எல்லாரும் வாலை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். சிக்கல் ஒன்றே ஒன்று, சொருகுவது. போனின் அடியில் உளுந்தளவு ஓட்டை. அதற்குள் சார்ஜர் வயரைச் சொருக விரல் வேண்டும். குளம்பால் ஆகாது. பாதத்தால் ஆகாது. அலகால் கவ்வினால் எச்சில் இறங்கிப் போன் கெட்டுவிடும். யானைக்கு எப்போதோ ஒருமுறை தும்பிக்கையில் ஷாக் அடித்ததிலிருந்து, பிளக் இருக்கிற சுவருக்குப் பின்புறத்தைக் காட்டித்தான் நிற்கும். காட்டில் விரல் உள்ளவன் குரங்கு குப்புசாமி ஒருவன்தான். மற்றக் குரங்குகள் எல்லாம் மலைக்கோயில் அடிவாரத்துக்குக் குடிபோய்விட்டன. அங்கே வேலை செய்யாமலே தேங்காய் மூடி கிடைத்தது.

குப்புசாமி காலையில் வீடுவீடாகப் போய்ச் சொருகுவான், மாலையில் வந்து கழற்றுவான். ஆரம்பத்தில் வீட்டுக்கு ஒரு கொய்யாப்பழம் என்று பேச்சு. பிறகு, "சொருகறதுக்கு ஒண்ணு, கழட்டறதுக்கு ஒண்ணுக்கா" என்றான். பிறகு செங்காயாக இருந்தால் திருப்பிக் கொடுத்தான், பழுத்தது வேண்டும் என்றான். புலியின் போனும் அவன் பொறுப்புதான். புலி தன் போனை ஒரு கொடிக்கூடையில் வைத்து மருத மரத்தடியில் விட்டுப் போகும். இவன் மேலேயிருந்து கூடையை இழுத்து, சார்ஜ் ஏற்றி, இறக்கிவிடுவான். புலியிடம் பழம் கேட்டதில்லை. அவனுக்கு மட்டும் சான்று கிடையாது. "மரத்துல இருக்கறவனுக்கு எதுக்குக்கா சான்று?" என்பான், எங்கோ பார்த்தபடி.

பள்ளத்து வீட்டு மாசிலாமணி ஒரு காட்டெருமை. வம்பு தும்புக்குப் போகாதவர். போன மாசி மாதம் குப்புசாமி ஒரு கல்யாணத்துக்குப் போனவன் மூன்று நாள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் புலி எதிர்ப்பட்டபோது மாசிலாமணியின் போனில் இரண்டு சதவீதம் இருந்தது. சான்றைத் திறப்பதற்குள் இரண்டு ஒன்றாகி, ஒன்றும் போய்விட்டது. "ரெண்டு நிமிஷம் நிக்கறேன் சார், மறுபடி ஆன் பண்ணிப் பாருங்க" என்று புலி மரியாதையாகத்தான் சொன்னது. ஆன் ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் புலி நேரில் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, இலையில் ஒன்றையும் தொடாமல் எழுந்து போனது. வந்திருந்தவர்கள் அதன் பண்பை மெச்சினார்கள்.

துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போதே கடமான் பூங்காவனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஒரு கொய்யாப்பழத்துல நம்ம உசிரு தொங்குதுங்க" என்றாள் கணவர் ஏகாம்பரத்திடம். "அவனுக்குக் காய்ச்சல் வந்தா நமக்குக் கருமாதி."

ஏகாம்பரம் நல்ல கிளைகிளையான கொம்புக்காரர். எதையும் மறுத்துப் பேசிவிட்டு ஒப்புக்கொள்கிற சுபாவம். "அதுக்காக என்ன, நமக்கு விரலா முளைக்கும்?" என்றார்.

பூங்காவனத்துக்குப் பயம் இருந்தது. அதைவிட அவமானம்தான் அதிகம். எட்டு முழ உயரம் தாண்டுகிற கால் நான்கு இருந்தும், தினம் காலையில் ஒரு குரங்கு கொட்டாவி விட்டுக்கொண்டு வருகிற வரை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்த வாரம் அடுப்படி விளக்கு மாட்ட வந்த காக்கை நாகலிங்கம்தான் வழி சொன்னான். காட்டுக்கு அவன்தான் எலெக்ட்ரீசியன். கம்பிமேல் உட்கார்ந்தே தொழில் கற்றவன்.

"வயரே இல்லாம சார்ஜ் ஏத்துற தட்டு வந்திருக்குக்கா. சமையல் மேடைக்கு அடியில வச்சி மூடிடலாம். மேடைமேல போனை வச்சாப் போதும், அதுபாட்டுக்கு ஏறும்."

"குளம்பால வச்சாலும் ஏறுமா?"

"யார் வச்சாலும் ஏறும். அதுக்கு ஆள் தெரியாது. ஆனா ஒண்ணு, மேடை எந்தப் பொருள்ங்கறது முக்கியம். எல்லாத்து வழியாவும் ஏறாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. சாப்பிடும்போது மேடை, அசைபோடும்போது மேடை. பூங்காவனம் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். ஒவ்வொரு பொருளிலும் ஒரு துண்டு மாதிரி வாங்கிவரச் சொன்னாள். நாகலிங்கம் ஒரு மரக்கட்டைமேல் சார்ஜர் தட்டை வைத்து, அதன்மேல் மாதிரித் துண்டை வைப்பான். அவள் துண்டின்மேல் போனை வைப்பாள். 'டிங்' என்று கேட்டால் ஏறுகிறது, கேட்காவிட்டால் இல்லை. இப்படி ஒரு பரீட்சையை அந்தக் காடு பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க ஓடைவரை கூட்டம் நின்றது.

முதலில் ஏகாம்பரத்தின் விருப்பம். அவர் ஸ்டீல் என்றார். தன் அண்ணன் வீட்டில் ஸ்டீல் மேடைதான், கொம்பு பட்டாலும் கீறல் விழாது, ஒரு தடவை துடைத்தால் முகம் பார்க்கலாம் என்றார். ஸ்டீல் தகட்டை வைத்தார்கள். போனை வைத்தார்கள். கூட்டம் காதை நிமிர்த்தியது. டிங் இல்லை. கொஞ்ச நேரத்தில் தகடு மட்டும் சுட்டது.

"உலோகம் நடுவுல வரக் கூடாதுங்க" என்றான் நாகலிங்கம். "இரும்பு, ஸ்டீல், அலுமினியம், எது வந்தாலும் போனுக்கு ஏறாது. அதுக்குச் சூடுதான் ஏறும்."

ஏகாம்பரம் இரும்பு, ஸ்டீல், அலுமினியம் என்று மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டார். தோற்றுப்போனவர் அதற்குமேல் என்ன செய்ய முடியும்.

அடுத்து மரங்கொத்தி ஆசாரி தேக்குப் பலகையோடு வந்தார். பலகையில் டிங் என்று உடனே கேட்டது. ஆசாரி பெருமையோடு அதை நாலு கொத்து கொத்திக் காட்டினார். ஐந்தாவது கொத்தில் பலகைக்குள்ளிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. ஆசாரி அதைத் தின்றுவிட்டு, "இப்ப சுத்தம்" என்றார். பூங்காவனம் அதன்மேல் சூடான எண்ணெய்ச் சட்டியை இறக்கிப் பார்த்தாள். வட்டமாகக் கருகியது. தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விட்டாள். பலகை உப்பி மேடு தட்டிவிட்டது. ஆசாரி, "மரம்னா உசிரு இருக்கும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பலகையைச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போனார்.

வெள்ளைப் பளிங்கு அழகாக இருந்தது, டிங் என்றும் கேட்டது. புளி கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது, அவ்வளவுதான், துடைக்கத் துடைக்க அரித்துத் தேமல் போல் ஆகிவிட்டது. மஞ்சள்தூள் விழுந்த இடம் மஞ்சளாகவே நின்றது. "குழம்பு வைக்காத வீட்டுக்கு இது சரி" என்று பூங்காவனம் ஒதுக்கிவிட்டாள்.

கடைசியாகக் கல்பாறைக் கடை யானை கஜபதி. அவர் கொண்டுவந்த கருங்கல் பலகை ஒரு சாண் கனம். தானே அதன்மேல் ஏறி நின்று காட்டினார்.

"பாத்துக்க தங்கச்சி. நானே நிக்கறேன். உன் தோசைக்கல்லு என்ன செய்யும்?"

போனை வைத்தார்கள். டிங் இல்லை.

"கனம் ஜாஸ்தி" என்றான் நாகலிங்கம். "இந்தத் தட்டோட வலு ரெண்டு விரக்கடைக்கு மேல போகாது. கல்லை அடியில குடைஞ்சி எடுத்தா ஏறும்."

கஜபதிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கல்லைக் குடையறதா? மெல்லிசு கல்லு வேணும்னா வேற வீடு பாரு. கல்லுன்னா கனம்தான் கௌரவம்."

பூங்காவனம் அவருக்கு ஒரு கட்டு கரும்பு வைத்து, அண்ணா அண்ணா என்று நாலு தரம் கூப்பிட்டு, ஒரு விரற்கடை கனத்தில் கருங்கல் அறுத்துத் தர ஒப்புக்கொள்ள வைத்தாள். அந்தத் துண்டில் டிங் என்று கேட்டது. சட்டி இறக்கினாள், கருகவில்லை. புளி ஊற்றினாள், அரிக்கவில்லை. மஞ்சள் துடைத்தால் போனது. பூங்காவனம் கல்லைக் குளம்பால் தட்டிப் பார்த்தாள். அது கணீரென்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரமாக அவள் நிம்மதியாகப் புல் மேய்ந்திருக்கவில்லை.

இதெல்லாம் குப்புசாமியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அவன் ஒவ்வொரு வீட்டிலும் சொருகும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொருகிவிட்டுப் போனான். கல்லுக்கு அடியில் கரண்டு ஓடினால் தோசை மாவு புளிக்காதாம். பால் திரியுமாம். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாதாம். பூங்காவனத்திடம் மட்டும் நேராகவே கேட்டான்.

"கல்லுமேல வச்சா ஏறும்னா, நான் எதுக்குக்கா இருக்கேன்?"

"அதைத்தாம்ப்பா நானும் யோசிச்சிட்டிருந்தேன்" என்றாள் பூங்காவனம்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அன்று மாலையே குப்புசாமி மருத மரத்து உச்சியில் ஏறி, இனி ஒரு வீட்டுக்கும் சொருக வரமாட்டேன், எல்லாரும் கல்லிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று காடு கேட்கக் கத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். கோபத்தில் புலியின் கூடையையும் இழுக்கவில்லை.

மேடை போட நாள் பார்க்க வேண்டும். அந்தக் காட்டில் பல்லி சொல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த மாட்டார்கள். ஏகாம்பரம் போய்ப் பல்லி ஜோசியரைத் தன் கொம்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். ஜோசியர் சுவரில் ஒட்டிக்கொண்டு அடுப்படியை நாலு பக்கமும் பார்த்தார். நல்ல நாள் வருகிற அமாவாசை என்றார். பிறகு வெகுநேரம் சத்தம் போடாமல் இருந்தார். ஏகாம்பரம் கொம்பைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு போய்க் கேட்டார்.

"என்னங்க ஜோசியரே, ஏதாவது குறையா?"

"சார்ஜ் வைக்கிற இடம் அக்கினி மூலையில வருது. அங்க அடுப்பு இருக்கலாம். மின்சாரம் வேற வந்தா ரெண்டு நெருப்பு. தடங்கல் வரும்."

"பரிகாரம்?"

"இருக்கு. செப்புத் தகடு ஒண்ணு எழுதித் தரேன். கல்லுக்கும் சார்ஜருக்கும் நடுவுல, சரியா போன் வைக்கிற இடத்துக்கு அடியில பதிச்சிடுங்க. ஒரு தடங்கலும் இல்லாம சார்ஜ் ஏறும்." பிறகுதான் உச்சுக்கொட்டினார். மூன்று தரம். உத்தமமான சகுனம்.

பூங்காவனத்துக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. "ஏங்க, நடுவுல உலோகம் வரக் கூடாதுன்னானே நாகலிங்கம்?"

"இரும்பு, ஸ்டீல், அலுமினியம்" என்று ஏகாம்பரம் ஒப்பித்தார். "இது செம்பு. அதுவும் மந்திரம் எழுதினது. அதைப் போய் உலோகம்ங்கறியே."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்தேகப்பட்டதற்காகச் சாமி படத்துக்கு ஒரு கற்பூரம்கூட ஏற்றினாள்.

நாகலிங்கம் முந்தின நாளே வந்து, மேடைக்கு அடியில் மரச்சட்டம் அடித்து, சார்ஜர் தட்டைத் திருகாணி போட்டு மாட்டிவிட்டான். அமாவாசையன்று அவனால் வர முடியாது. அன்று வீட்டுக்கு வீடு கூரையில் சோறு வைத்துக் காக்கையைக் கூப்பிடுவார்கள், காக்கைகளுக்கு அதைவிடப் பெரிய வேலைநாள் கிடையாது. ஒரு கூரையை விட்டாலும் அந்த வீட்டு முன்னோர்களுக்கு யார் பதில் சொல்வது? முப்பத்தெட்டு வீட்டில் தின்றுவிட்டு, மறுநாள் பறக்க முடியாமல் கிடந்து, அதற்கு மறுநாள் அக்கரைக் காட்டில் ட்ரான்ஸ்பார்மர் வேலை என்று போய்விட்டான்.

ஆகவே அமாவாசைக் காலையில், நல்ல நேரத்தில், ஏகாம்பரம் சார்ஜர் தட்டின்மேல் செப்புத் தகட்டை மஞ்சள் குங்குமத்தோடு வைத்தார். கஜபதி கல்லைத் தூக்கி அதன்மேல் இறக்கினார். ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தார்கள். பால் காய்ச்சினார்கள். நன்றாகப் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. பூங்காவனம் அறுபத்தொரு சதவீதம் இருந்த தன் போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்மேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் பூஜை மணியை அடித்தார். டிங் என்று கேட்டதா என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் பூங்காவனம் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏறுதுங்க" என்றாள்.

பல்லி ஜோசியர் அந்த வெதுவெதுப்பான இடத்தில் வந்து படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சுவருக்குப் போகவே இல்லை. நேரத்துக்கு ஒருதரம் படுத்தபடியே உச்சுக்கொட்டுவார். இதற்குமேல் வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாள் போனில் நாற்பது சதவீதம் இருந்தது. அதற்கு மறுநாள் பத்தொன்பது.

"புதுக் கல்லு இல்லியா" என்றார் ஏகாம்பரம். "புதுத் தோசைக்கல்லுல முதல் தோசை வருதா? பழகணும்."

அது சரியாகத்தான் பட்டது. பூங்காவனம் கல்லில் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தை வைத்து அழுத்தித் தேய்த்தாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். கல் பளபளத்தது. நான்காம் நாள் காலையில் போன் அணைந்துவிட்டது. ஏகாம்பரத்தின் போன் முந்தின நாளே போயிருந்தது, கௌரவம் பார்த்து அவர் சொல்லவில்லை.

அவள் கையில் வெங்காயத்தோடு நிற்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"உள்ள வரலாங்களா?"

புலி.

பூங்காவனத்துக்கு நாலு காலும் ஒரே நேரத்தில் ஓடப் பார்த்தன. அதனால் ஒன்றும் ஓடவில்லை. ஏகாம்பரம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கொம்பு மட்டும் கதவுக்கு மேலே தெரிந்தது.

"வாங்க ஐயா" என்றாள் பூங்காவனம்.

"பூங்காவனம் அம்மா வீடுதானே? கல்லுமேல வச்சாலே சார்ஜ் ஏறுதுன்னு சொன்னாங்க. குப்புசாமி நாலஞ்சு நாளா கூடையை இழுக்கல. நான் யாரையும் குத்தம் சொல்லல, அவருக்கு என்ன சங்கடமோ. எனக்கு ரெண்டு சதவீதம்தான் இருக்கு. இங்க வச்சிக்கட்டுங்களா?"

"தாராளமா வைங்க ஐயா."

"வந்ததுதான் வந்தோம், உங்க சான்றையும் பாத்துடறேன். உங்களுக்கும் ஒரு வேலை முடியும்."

பூங்காவனம் தன் போனைப் பார்த்தாள். மாசிலாமணியின் பதினாறாம் நாள் பந்தி கண்ணுக்குள் வந்து போனது. அடுத்த பந்திக்கு யார் யார் வருவார்கள் என்றுகூட நினைத்துவிட்டாள். பிறகு மேடையைக் காட்டினாள்.

"என் போனு ஏறிட்டிருக்குங்க ஐயா. இப்பத்தான் வச்சேன்."

புலி பாதத்தால் கல்லைத் தொட்டுப் பார்த்தது. "சூடாத்தான் இருக்கு" என்றது. எந்த நிலையிலும் அவசரப்படாத புலி அது. தன் போனையும் பக்கத்தில் வைத்தது. "சரி, ரெண்டும் ஏறட்டும். இருந்து பாத்துட்டே போறேன்."

"காபி சாப்பிடறீங்களா ஐயா?"

"சர்க்கரை கம்மியா."

பூங்காவனம் காபி போட்டாள். டிகாக்‌ஷன் இறங்குகிற நேரமெல்லாம் மாரியம்மனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள், தன் போன் முதலில் ஏறிவிட வேண்டும். புலி காபியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றது. கல்லின்மேல் இரண்டு போனும் நடுவில் ஜோசியருமாகக் கிடந்தார்கள். அரை மணி கழித்து ஒரு போனில் சின்னதாகச் சத்தம் கேட்டது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். புலியின் போன் அணைந்திருந்தது.

"புதுக் கல்லுங்க ஐயா, பழகணும்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"பழகட்டும்" என்றது புலி.

கல்லில் ஏறவில்லை என்ற செய்தி மதியத்துக்குள் மருத மர உச்சிக்குப் போய்விட்டது. குப்புசாமி தோளில் வயரை மாலையாகப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்து உள்ளே வந்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? கல்லுல எங்கயாவது சார்ஜ் ஏறுமா? கொடுங்க ஐயா, நான் சொருகித் தரேன்."

பூங்காவனம் குறுக்கே போய் நின்றாள். "குப்புசாமி, என் போனை முதல்ல சொருகுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும். கூடை நிறையப் பழம் தரேன்."

"இந்த நாலஞ்சு நாள்ல என்னைத் தேடினீங்களாக்கா? இப்ப வரிசையில நில்லுங்க."

சொருகினான். சிறிது நேரத்தில் புலியின் போன் திரையில் வெளிச்சம் வந்தது. ஒரு சதவீதம். குப்புசாமி மார்பை நிமிர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். ஆறு வருஷமாகக் கூடையிலேயே பார்த்த போனின் சொந்தக்காரரோடு அவன் பக்கத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப நன்றிங்க" என்றது புலி. "பக்கத்துல இருக்கறவங்களை முதல்ல பாக்கறது நடைமுறை. உங்க சான்று?"

குப்புசாமி சிரித்தான். "என்கிட்டயா ஐயா கேக்கறீங்க? உங்க போனையே நான்தான் ஆறு வருஷமா..."

"அதுக்கு எப்பவும் கடமைப்பட்டிருக்கேன். சான்று?"

"மரத்துல இருக்கறவனுக்கு எதுக்குங்க ஐயா?"

"இப்ப தரையில நிக்கறீங்களே."

புலி தன் போனில் 'சான்று இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டது. சிவப்பு விழுந்தது. புலி வருத்தம் தெரிவித்தது. அதன்பிறகு நடந்தது முழுக்க விதிப்படிதான் நடந்தது.

பாய்ந்த வேகத்தில் வயர் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. புலி மீசையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து நீங்கம்மா" என்று பூங்காவனத்தின் பக்கம் திரும்பிப் போனைப் பார்த்தது. இருட்டு. வயரை எடுத்துத் தானே சொருகிப் பார்த்தது. பாதம் பெரிசு, ஓட்டை சிறிசு. மூன்றாவது முயற்சியில் முனை வளைந்துவிட்டது.

"குப்புசாமியைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றது பழக்கதோஷத்தில்.

பூங்காவனம் புலியின் மீசையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் அதற்கே நினைவு வந்துவிட்டது.

"பதியாம ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்று சொல்லிப் போனை மறுபடி கல்மேல் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் படுத்துக்கொண்டது. "மெதுவாவே ஏறட்டும். எனக்கு அவசரமில்ல."

பூங்காவனம் கொல்லைப்பக்கம் போய் அழுதாள். பிழைத்ததற்காக அழுதாள். குப்புசாமிக்காகவும் அழுதாள். பழம் சரியில்லை என்று அவன் திருப்பிக் கொடுத்ததற்கு எத்தனை நாள் அவனிடம் வாய்ச்சண்டை போட்டிருப்பாள். வரிசையில் நில்லுங்கள் என்று அவன் சொன்னதற்கு இப்போது கோபம்கூட வரவில்லை.

மறுநாள் நாகலிங்கம் அக்கரையிலிருந்து திரும்பினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேடைக்கு அடியில் புகுந்தான். உள்ளே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி, கிசுகிசுத்தான்.

"அக்கா, யாருக்கா நடுவுல செப்புத் தகட்டை வச்சது? போனுக்குப் போறதையெல்லாம் அது வாங்கிக் குடிச்சிட்டிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. திருகாணியைக் கழட்டித் தகட்டை உருவிட்டா இப்பவே ஏறிடும்."

பூங்காவனம் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கூடத்தில் புலி கண்ணை மூடிப் படுத்திருந்தது. ஒரு குரங்கு பற்றவில்லை போலும், மூச்சு விடும்போது விலா எலும்பு தெரிந்தது.

"எடுத்தா ஐயா போனும் ஏறுமா?"

"அதான் சொன்னேனேக்கா. அதுக்கு ஆள் தெரியாது."

"யாரோடது முதல்ல ஏறும்?"

"ஐயாவோடது புதுசு. சட்டுனு ஏறும். உங்களோடது பழசு, ஒரு மணி நேரமாவது பிடிக்கும்."

மூன்று வாரம் துண்டு துண்டாக வைத்துப் பார்த்த கல். கரும்பு கொடுத்து அறுத்த கல். எண்ணெய் தடவித் தேய்த்த கல். அவள் அதைக் குளம்பால் ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

"நாகலிங்கம்" என்றாள் மெதுவாக. "நீ இனிமே அமாவாசைக்கு அமாவாசை காத்திருக்க வேணாம். தினமும் கூரைமேல இலை போடறேன். வடையோட."

காக்கை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு மறுபக்கம் சாய்த்து மற்றக் கண்ணால் புலியைப் பார்த்தது. மறுபடி மேடைக்குள் புகுந்து, கையோடு திருகாணியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குங்க ஐயா" என்றான் நாகலிங்கம் உரக்க. "கருங்கல்லு இல்லீங்களா, மெதுவாத்தான் ஏறும்."

"பரவாயில்ல தம்பி" என்றது புலி, கண்ணைத் திறக்காமல்.

ஐப்பசி முடிவதற்குள் காட்டில் எல்லா வீட்டிலும் கருங்கல் மேடை வந்துவிட்டது. ஒரு விரற்கடை கனம், நடுவில் செப்புத் தகடு. கஜபதியின் கடையில் கல்லுக்கு வரிசை நின்றது. பல்லி ஜோசியருக்குத் தகடு எழுத நேரம் போதவில்லை. அவர் எழுதுவதும் படுப்பதும் பூங்காவனம் வீட்டுக் கல்லிலேயே. மாசிலாமணியின் மனைவி முதல் ஆளாகப் பெயர் கொடுத்துப் போட்டுக்கொண்டாள். சொருக ஆளில்லாமல் எல்லார் போனும் ஒவ்வொன்றாக அணைந்துபோயின, மேடையில் வைத்தும் ஏறவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

புலி மட்டும் தினமும் காலையில் வந்துவிடும். விதியை இன்றைக்கும் அது மீறவில்லை. பூங்காவனம் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுப்பாள், ஊறுகாயோடு. புலி குடித்துவிட்டு மேடையைப் பார்க்கும்.

"ஏறுதாம்மா?"

"சூடாத்தான் இருக்குங்க ஐயா" என்பாள் அவள். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

நீதி: சமையல் மேடைக்குக் கல் எடுக்கும்போது நமக்குச் சார்ஜ் ஏறுமா என்று மட்டும் பார்த்தால் போதாது, யாருக்கு ஏறக் கூடாது என்பதையும் பார்த்து எடுக்க வேண்டும்.